பாவாடை நாடாவில் எழுதிய சேதி

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு முதலிலிருந்து விளங்கப்படுத்த இப்போது எனக்குத் தெம்பில்லை. உங்களுக்கென்றால் பாதி சொன்னாலே போதும். பத்துப் பதினொரு வயதில் தபால்பெட்டிச் சாவியைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு திரிந்தவர்கள் நீங்கள். மின்சாரக் கட்டணம், பல்வைத்தியரின் கடிதம், பள்ளிக்கூட அறிவித்தல், விசாக் கந்தோரின் அழைப்பு என்று வந்ததெல்லாவற்றையும் குசினி மேசையில் விரித்துவைத்துத் தாய் தகப்பனுக்குத் தமிழில் சொன்னவர்கள். இப்போது உங்களுக்கும் வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். எனக்கு இரண்டு வேண்டும்.

முப்பது வருடமாக ஆஸ்பத்திரிகளிலும் கந்தோர்களிலும் மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. மற்றவர்களின் நோவையும் மற்றவர்களின் வழக்கையும் நாள் முழுக்க என் வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கென்று ஒரு வசனம் கதைக்கவும் அலுப்பாக இருக்கும். போன மாசி மாதம் ஷாஃப்ஹவுசனில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்தேன். அன்றிலிருந்து, பதினொரு வயதில் நான் கழித்த ஒரு குளிர்காலம் மனதை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. எழுதினால் இறங்குமோ என்று பார்க்கிறேன்.

அப்போது நாங்கள் சுவிஸில் துன் என்ற ஊரில் இருந்தோம். ஆரே ஆற்றங்கரைக்குப் பின்தெருவில் மூன்று தட்டுப் பழைய வீடு. கீழ்த்தட்டில் வீட்டுக்குப் பொறுப்பான சுவிஸ் கிழவர். நடுத்தட்டில் நாங்கள். மேலே எங்களைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இன்னொரு குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளையும் நானும் ஒரே வகுப்பு. அவளை மேல்மாடிக்காரி என்றுதான் எங்கள் அம்மா சொல்லுவா. நானும் இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மேல்மாடி மாமாவுக்கு, அவளின் அப்பாவுக்கு, ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அவர் படியேறிப் போனால் வெங்காயமும் பாத்திரம் கழுவும் மருந்தும் கலந்த மணம் எங்கள் கதவடியில் கொஞ்ச நேரம் நிற்கும். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். எங்கள் அப்பா டாவோஸில் வேறொரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். மாதத்தில் இரண்டு தரம் ரயிலேறி வருவார். வரும்போது பொட்டுப்போலச் சின்னச் சின்ன ஜாம் போத்தல்களும் உறை பிரிக்காத சவர்க்காரக் கட்டிகளும் கொண்டுவருவார். எங்களுக்கு முந்தின வருடமே விசா கிடைத்துவிட்டது. மேல்வீட்டாரின் கேஸ் இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது. அந்த வித்தியாசத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தபால்காரரின் மணி அடித்தால் எங்கள் அம்மா கையிலிருந்த வேலையைத் தொடர்ந்து செய்வா. மேலே மாமி நடந்துகொண்டிருந்தால் நின்றுவிடுவா. அந்தக் காலடிச் சத்தம் நிற்பது எங்கள் கூரைப் பலகையில் கேட்கும்.

அந்தந்த வீட்டுக் கடிதங்களை அந்தந்த வீட்டுப் பிள்ளை வாசிக்கும். நாங்கள் இரண்டு பேரும் பிழை விட்டிருக்கிறோம். ஒருமுறை விளம்பரக் கடிதம் ஒன்றைப் பார்த்து, எங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். அவர் அடுத்த நாள் இஸ்திரி போட்ட சேட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அந்தக் கார்க் கடைக்குப் போனார். திரும்பி வந்து கழுத்துப்பட்டியைக் கழற்றி அலுமாரியில் தொங்கவிட்டுவிட்டு, "பிள்ளை, இனிமேல் ரெண்டு தரம் வாசி" என்றார். அவ்வளவுதான்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வகுப்பு ஆசிரியை பழங்கால கிரேக்கரைப் படிப்பிக்கத் தொடங்கினார். ராஜாக்களின் பெயர்களில் வகுப்புத் தூங்கி விழுவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்தார். "சண்டை நேரத்தில் எதிரியின் கையில் அகப்படாமல் எப்படிச் சேதி அனுப்பினார்கள் தெரியுமா?" என்று கேட்டார். பிறகு இரண்டு கிழமை நாங்கள் வேறொன்றும் படிக்கவில்லை.

ஒரு அடிமையின் தலையை மொட்டையடித்து, மண்டையில் சேதியைப் பச்சை குத்தி, மயிர் வளரும்வரை வைத்திருந்து அனுப்பினார்களாம். மெழுகு பூசிய எழுதுபலகையில் மெழுகைச் சுரண்டி எடுத்து, பலகையில் எழுதி, மேலே திரும்பவும் மெழுகை ஊற்றி வெறும் பலகைபோல அனுப்பினார்களாம். செருப்பின் அடித்தோலைப் பிரித்து அதற்குள் வைத்துத் தைத்தார்களாம். வட்டமான பலகையில் எழுத்துக்கு ஒன்றாக இருபத்துநாலு துளை போட்டு, சொல்லின் வரிசைப்படி நூலைக் கோத்து அனுப்பினார்களாம். மேல்மாடிக்காரி என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்கட எழுத்துக்கு இருநூற்று நாற்பத்தேழு துளை வேணும். மாட்டுவண்டில் சில்லுத்தான் கொண்டுபோகவேணும்" என்றாள். இருவரும் சிரித்தோம். சேர்ந்திருந்தால் தமிழிலேயே கதைக்கிறோம் என்று ஆசிரியை அன்றைக்கே எங்களை வகுப்பின் இரண்டு மூலையில் பிரித்து இருத்தினார். எங்கள் ஜெர்மன் திருந்த வேண்டும் என்ற நல்லெண்ணம்தான்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ஸ்பார்ட்டாக்காரரின் தடி. ஸ்கிதாலே என்று பெயர். ஒரே பருமனான இரண்டு தடிகள். ஒன்று படைத்தளபதியிடம், மற்றது ஊரில். தோல்வாரைத் தடியில் இடைவெளியில்லாமல் சுற்றி, நீளவாட்டில் எழுதிவிட்டுக் கழற்றினால் எழுத்துகள் சிதறிப்போகும். வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆள் போவான். மற்றத் தடியில் சுற்றினால்தான் சேதி திரும்பவும் கூடும். கைவேலை வகுப்பில் எல்லோரும் செய்தோம். பெருவிரல் பருமனான தேவதாருத் தடிகளை மரம் அறுக்கும் வாளால் இரண்டிரண்டாக அறுத்து, இருவர் இருவராக ஆளுக்கொரு பாதி தந்தார் ஆசிரியை. மரத்தூளின் மணம் இரண்டு நாள் கையில் இருந்தது.

மற்றப் பிள்ளைகள் கடதாசியில் செய்தார்கள். மேல்மாடிக்காரி மாமியின் தையல் பெட்டியிலிருந்து ஒரு பந்து பாவாடை நாடா எடுத்து வந்தாள். வெள்ளைப் பருத்தி நாடா, குமிழ்ப்பேனை மை நன்றாகப் பிடிக்கும். தடியில் சுற்றித் தமிழில் எழுதினோம். வகுப்பில் எல்லோரிடமும் தடி இருந்தது. ஆனால் தமிழ் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தமிழ் தெரியும், தடி இல்லை. உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் திறக்கிற பூட்டு அது. "கொ" எழுதினால் கொம்பு ஒரு சுற்றிலும் பின்னால் வரும் அரவுக்கால் மற்றச் சுற்றிலும் போய் விழும். அதை ஒரு எழுத்தாக எண்ணுவதா மூன்றாக எண்ணுவதா என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்தோம். எழுதிய நாடாவை எழுத்து உள்ளே இருக்கப் பின்னலில் வைத்துக் கட்டிக்கொண்டு போவோம். அந்த ஊரில் ரிப்பன் கட்டிய பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அதே நேரத்தில்தான் வீட்டில் தோய்க்கிற நாள் சண்டை வந்தது. நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் ஒன்று. யாருக்கு எந்த நாள் என்று கிழவர் எழுதிக் கதவில் ஒட்டியிருப்பார். எங்கள் நாளில் மாமி மறதியாகப் போய்த் தோய்த்துவிட்டா. அம்மா கூடையோடு கீழே போய் நனைந்த உடுப்பைப் பார்த்துவிட்டு வந்து ஏதோ சொல்ல, மாமி ஏதோ சொல்ல, கடைசியில் மாமி, "விசா கிடைச்சவைக்கு மெஷினும் சொந்தமோ?" என்று கேட்டுவிட்டா. அந்த ஒரு கேள்வியோடு இரண்டு வீட்டுக்கும் கதை நின்றது. கிழவர் மேல்வீட்டாருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று போட்டார். அம்மா எனக்கு, "மேலை போகவேண்டாம், அந்தப் பிள்ளையோட கதைக்கவேண்டாம்" என்றா. பள்ளிக்கூடம் போகும்போது தெரு வளைவு வரைக்கும் யன்னலில் நின்று பார்ப்பா. வளைவு தாண்டியதும் அவள் எனக்காக நிற்பாள்.

கார்த்திகை நடுப்பகுதியில் ஒருநாள், ஆற்றிலிருந்து வந்த பனிப்புகார் தெருவிளக்கு வரை ஏறியிருந்தது. வளைவில் அவள் தன் பின்னலிலிருந்து நாடாவை அவிழ்த்து என் கையில் வைத்தாள். "வீட்டை போய் வாசி" என்றாள். அன்று முழுவதும் வகுப்பின் மற்ற மூலையில் இருந்தாள். விளையாட்டு நேரத்தில் பக்கத்தில் நின்றாள்.

பின்னேரம் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நாடாவைத் தடியில் சுற்றினேன். நாலு வரி வந்தது.

கடிதம் வந்தது
போகச் சொல்லுது
அப்பாக்குச் சொல்லேல்லை
சத்தியம்

அடுத்த நாள் காலை மரப்பாலத்தில் நின்றோம். கீழே மதகில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"வாசிச்சனியோ?"

"ஓம்."

"ஆருக்கும் சொன்னா நீ எனக்கு ஒண்டுமில்லை."

"சொல்லமாட்டன். மாமாவுக்கு நீ என்ன சொன்னனீ?"

"பொறுக்கட்டாம் எண்டு."

தபால்காரர் காட்டிய இடத்தில் மாமா கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் அவளிடம் கொடுத்திருக்கிறார். வேலைக்குப் போக ஒரு கால் சப்பாத்தில் இருந்ததாம். அவள் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே 'அப்கெவீசன்' என்ற சொல் இருந்தது. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போகவேண்டும்.

"அவர் நம்பினவரோ?" என்று கேட்டேன்.

"பொறுக்கச் சொல்லுறதுக்கும் கையெழுத்து வாங்குவினமோ எண்டு கேட்டவர். இஞ்சை எல்லாத்துக்கும் வாங்குவினம் எண்டன். சிரிச்சுப்போட்டு வேலைக்குப் போயிட்டார்."

"ஏன்டி சொல்லேல்லை?"

அவள் மதகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மான்ர வயித்தில பிள்ளை. போன முறை ஊரில இருந்து அம்மான்ர அண்ணா செத்துப்போனார் எண்டு கடிதம் வந்தண்டைக்குத்தான் மற்றப் பிள்ளை இல்லாமல் போனது. அந்தக் கடிதத்தைப் பெட்டியில இருந்து எடுத்துக்கொண்டுபோய்க் குடுத்தது நான்."

நான் அவளின் கையைப் பிடித்திருக்கலாம். அது தோன்றவில்லை. "கடிதம் எங்கை?" என்றுதான் கேட்டேன். அவள் வலது காலைத் தூக்கிக் காட்டினாள். பனிச்சப்பாத்தின் உள்ளே இருக்கும் கம்பளி அடித்தட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்தாள். கிரேக்கர் செருப்புக்குள் வைத்ததுபோல. இருபத்தைந்து நாளுக்கு மேல் அவள் அந்தக் கடிதத்தின் மேல் நடந்தாள்.

களைப்பு என்றால் என்னவென்று எனக்கு முதலில் தெரிந்தது அந்த நாட்களில்தான். ஓடி ஆடி வருகிற களைப்பில்லை. காலையில் எழும்பும்போதே இருக்கும். மேலே மாமி நடக்கும் சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குவேன். மாமா படியேறும்போது பாட்டு முணுமுணுப்பார். அதைக் கேட்க முடியாமல் தலையணையைக் காதில் வைப்பேன். பள்ளிக்கூட நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் மூலையில் ஒரு புள்ளி வைத்தேன். பதினைந்து. பதினாறு. பதினேழு.

பதினெட்டாம் நாள் அம்மா என் தலை இழுத்துப் பின்னும்போது நாடாவைக் கண்டுவிட்டா. அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தா. ஒரு "க", ஒரு "ப", ஒரு கொம்பு, ஒரு "ச", ஒன்றுக்கும் பொருளில்லை. அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

"இதை ஆர் உனக்குத் தந்தது? மேல்மாடிக்காரியோ?"

"விளையாட்டம்மா. கிரேக்கர் சண்டையில செய்தது."

"கிரேக்கரோ? அவை ஆர்? எந்த இடம்? மந்திரிச்ச நாடாவைத் தலையில கட்டி அனுப்பிறாளே, கண்கெட்டவள்!"

செய்வினை என்றே அம்மா முடிவு கட்டிவிட்டா. மாமி விசாவைச் சொல்லிக் குத்திக்காட்டியதைத் தாங்குவதைவிட, மாமி செய்வினை செய்தா என்று நம்புவது அம்மாவுக்குச் சுகமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். என் மேசையைக் கிளறித் தடியையும் எடுத்தா. நாடாவைத் தடியில் கட்டி, உப்போடு ஒரு தேசிக்காயும் சேர்த்துக் கடதாசியில் பொதிந்து, என் தலையை மூன்று தரம் சுற்றினா. அப்போது நான், "அம்மா, மேல்வீட்டுக்கு ஒரு கடிதம்..." என்று தொடங்கினேன்.

"அந்த வீட்டுக் கதை எனக்கு வேண்டாம்."

இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஆறுதலாக இருந்தது. சொல்லப் பார்த்தேன், கேட்கவில்லை, இனி என் குற்றமில்லை. மரப்பாலத்தில் நின்று அம்மா பொதியை ஆற்றில் எறிந்தா. அன்னங்கள் தீனி என்று நினைத்து அதன் பின்னால் போயின.

இருபத்தைந்தாம் நாள் மேல்மாடிக்காரி ஒரு கொப்பியோடு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "நானே எழுதிப்போட்டன். நீ பிழை பார்த்துத் தா" என்றாள்.

மேன்முறையீட்டை அவளே ஜெர்மனில் எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்து நீல மையில், கோட்டுக்கு வெளியே போகாத எழுத்து. எனக்கு இன்னும் பல வரிகள் பாடம். "மதிப்புக்குரிய ஐயா, என் அப்பா ஒருநாளும் வேலைக்குப் பிந்திப் போனதில்லை. உடுப்புத் தோய்க்கும் நாளை நாங்கள் இனி மாற்றமாட்டோம். என் அம்மாவுக்குத் தை மாதம் பிள்ளை பிறக்கும். அது இங்கே பிறக்கிறபடியால் அதற்கு எங்கள் ஊருக்குப் போக வழி தெரியாது."

"தோய்க்கிற நாளை ஏன் எழுதினனீ?"

"கிழவர்தான் எழுதிப் போட்டிருப்பார். அதாலதான் போகச் சொல்லுகினம்."

அவள் அதை உண்மையாகவே நம்பினாள். கிழவரின் எச்சரிக்கைக் கடிதத்துக்கும் இதற்கும் இடையில் ஒரு கிழமைதான். நான் இரண்டு எழுத்துப்பிழை திருத்தினேன். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பக்கம் முழுக்க மாமாவின் கையெழுத்து. முதல் வரிகளில் கோணலாக, கடைசி வரிகளில் அச்சுப்போல.

"இது பிழையெல்லோ?" என்றேன்.

"அப்பா எல்லாத்திலயும் நான் விரல் வைக்கிற இடத்திலதான் கையெழுத்துப் போடுறவர். நான் போட்டா என்ன? நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு தபாலில போடுறன்."

எனக்குப் பயம் வந்தது. பொலிஸ் வந்து அவளைப் பிடித்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் முதல் இடைவேளையில், பிள்ளைகள் எல்லாம் முற்றத்துக்கு ஓடிய பிறகு, ஆசிரியையின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பின்னால் கிரேக்க நாட்டுப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "அவளின் சப்பாத்துக்குள் ஒரு கடிதம் இருக்கிறது" என்றேன்.

ஆசிரியை முதலில் சிரித்தார். நாங்கள் இன்னும் விளையாடுகிறோம் என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முழங்காலில் நின்று அவரே சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். மேல்மாடிக்காரி தடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. கடிதம் வியர்வையிலும் பனியிலும் ஊறி, காலின் வடிவில் பதிந்துபோய் இருந்தது. ஆசிரியை அதை வெப்பமூட்டியின் மேல் விரித்துக் காயவிட்டு, நின்றபடியே வாசித்தார். பிறகு மாமாவுக்குப் போன் எடுக்கப் பள்ளிக்கூடக் கந்தோருக்கு ஓடினார்.

மாமா ஹோட்டலிலிருந்து அப்படியே வந்தார். வெள்ளை ஏப்ரன், தலையில் கடதாசித் தொப்பி, காலில் குசினிச் செருப்பு. அதோடேயே பனிக்குள் நடந்து வந்திருந்தார். மகளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்திருக்கிறார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "ஒண்டும் இல்லையோ? விழுந்து கிழுந்து போட்டியோ எண்டெல்லோ ஓடி வாறன்" என்றார்.

ஆசிரியை ஜெர்மனில் விளங்கப்படுத்தினார். மாமா ஒவ்வொரு வசனத்துக்கும் "யா, யா" என்றார். அவருக்கு விளங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆசிரியை மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் ஆசிரியை என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார். பாவம், அவருக்கும் வேறு வழி தோன்றியிருக்காது.

"மாமா, இந்தக் கடிதம் உங்களைப் போகச் சொல்லுது" என்றேன்.

அதுதான் நான் மொழிபெயர்த்த முதல் வழக்கு.

மாமா தொப்பியைக் கழற்றினார். பிள்ளைகள் இருக்கும் சின்னக் கதிரை ஒன்றில் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வர இருந்தார். "எப்ப வந்தது?" என்று மகளிடம் கேட்டார். நான்தான் சொன்னேன், "இருபத்தாறு நாள்." அவர் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "ஏன் பிள்ளை ஒளிச்சனீ?" என்று மட்டும் கேட்டார். அவள் யன்னலைப் பார்த்தாள்.

ஆசிரியை அன்றைக்கு வகுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டுத் தன் சின்னக் காரில் அவர்களை ஏற்றிக்கொண்டு பெர்னுக்குப் போனார். அங்கே அகதிகளுக்கு எழுதிக்கொடுக்கும் வக்கீல் பெண் ஒருத்தி இருந்தா. மேன்முறையீடு கடைசி நாளுக்கு முதல் நாள் பதிவுத் தபாலில் போனது. மேல்மாடிக்காரி எழுதிய கடிதத்தையும் வக்கீல் வாசித்துவிட்டு, பிழை திருத்தாமல், அப்படியே சேர்த்து அனுப்பினாவாம். அது உதவியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தை மாதம் தம்பி பிறந்தான், சுகமாக. இரண்டு வருடம் காக்கவைத்து, பிறகு இருக்கலாம் என்று விசா கொடுத்தார்கள்.

விஷயம் தெரிந்த அன்றைக்கே அம்மா ஒரு பெரிய சட்டியில் கோழிக்கறி காய்ச்சி மேலே கொண்டுபோனா. நெடுநேரம் வரவில்லை. இரண்டு பெண்களும் அழும் சத்தம் கூரைப் பலகையில் கேட்டது. அடுத்த கிழமை நிலவறைக் கதவிலிருந்த அட்டவணையில் எங்கள் பெயரை வெட்டி, மாமியின் பெயரை அம்மாவே எழுதினா. மாமிக்கு இரண்டு நாள், எங்களுக்கு ஒன்று. ஆற்றில் எறிந்ததைப் பற்றி என்னோடு அவ ஒருநாளும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அவ இல்லை.

மேல்மாடிக்காரி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சண்டை பிடித்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். அவள் சண்டை பிடிக்கவில்லை. தெரு வளைவில் அவள் நிற்பதில்லை, அவ்வளவுதான். மாமா அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுக்கவில்லை. பிள்ளைக்குப் பாரம் வேண்டாம் என்று நினைத்தாரோ, நம்பிக்கை போய்விட்டதோ, அவருக்குத்தான் தெரியும். உறையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு படியிறங்கி என்னிடம் வருவார். சில நாள் மேலே கூப்பிடுவார். நான் அவர்கள் மேசையில் இருந்து வாசிக்கத் தொடங்கினால் அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அந்த இரண்டு வருடமும் நான் இரண்டு வீட்டுக் கடிதங்களையும் வாசித்தேன். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். கெட்டிக்காரிகள் எவ்வளவு கெதியாகக் களைத்துப்போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு மாமாவுக்கு ஷாஃப்ஹவுசனில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கேயே போய்விட்டார்கள். அவளைக் கலியாண வீடுகளில் காண்பேன். அவள் தாதியாகி, கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டாள். ஒரு மேசை தள்ளி இருந்து தலையசைப்போம். ஒருமுறை பந்தியில் எனக்குப் பாயசம் வைத்தாள். "இன்னும் கொஞ்சம்?" என்றாள். இலையைக் கையால் மறித்து, "காணும்" என்றேன். முப்பத்தைந்து வருடத்தில் நாங்கள் கதைத்தது அவ்வளவுதான்.

போன மாசியில் செத்தது மாமாதான்.

மண்டபத்தில் பெட்டி மூடின பிறகு ஆட்கள் மெல்ல வெளியே போனார்கள். மாமியைத் தம்பி கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். அவள் மட்டும் கடைசி வரிசையில் தனியாக இருந்தாள். தலை என்னைவிட நரைத்திருந்தது. போய் முன்னால் நின்றேன். வாயில் ஆறுதல் வசனம் எல்லாம் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு பேருக்கு நான் சொல்லுகிற வசனங்கள். அவற்றை விட்டுவிட்டு, "அண்டைக்கு நான் சொல்லியிருக்கக்கூடாது எண்டு நினைக்கிறியோ?" என்று கேட்டுவிட்டேன். செத்தவீட்டில் கேட்கிற கேள்வியா அது?

அவள் யோசித்தாள். கோபமாகத் தெரியவில்லை. அலுத்துப்போயிருந்தாள், என்னைப்போலவே.

"நீ சொன்னது சரி. சொல்லாட்டி நாங்கள் இஞ்சை இல்லை. எனக்குத் தெரியும்."

பெட்டி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு திரும்பவும் சொன்னாள்.

"ஆனா எல்லாரும் என்னட்டை ஏன் ஒளிச்சனீ எண்டுதான் கேட்டினம். அப்பா கேட்டவர். ரீச்சர் கேட்டவ. அந்த வக்கீலும் கேட்டவ. அம்மா இண்டைக்கும் கேக்கிறா. பதினொரு வயசுப் பிள்ளையின்ர கையில அந்தக் கடிதத்தை ஏன் குடுத்தனீங்கள் எண்டு ஒருத்தரும் அப்பாவைக் கேக்கேல்லை. நானே ஒருநாளைக்குக் கேப்பம் எண்டு இருந்தனான். வேலையால வந்து களைச்சுப்போய் இருப்பார், நாளைக்குக் கேப்பம் எண்டு விட்டுவிட்டு..."

முன்னால் பூக்களை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் போனார்கள்.

"நானும் கேக்கேல்லை" என்றேன்.

"ஓம். நீயும் கேக்கேல்லை."

பக்கத்துக் கதிரையில் அவளுடைய குளிர்க்கோட்டு கிடந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலியான அந்தக் கதிரையில் நான் போய் இருந்தேன்.